ஹெதெபியின் முகம்

சவப்பெட்டிகள் அழகாகத்தான் இருக்கின்றன, ஐயா. அதை நான் மறுக்கவில்லை.

எங்கள் அம்மாவைத்தான் இந்த ஊரில் முதன்முதலாகப் பெட்டியில் வைத்தோம். ஆற்றில் இரண்டு வருஷ வெள்ளம் வந்துபோன பிறகு, அப்பாவைப் பக்கத்தில் கிடத்தத் தோண்டியபோது மூடி விரிசல் விட்டிருந்தது. உள்ளே பார்த்தேன். அம்மாவுக்கு முகம் இல்லை. அதே நேரம் பக்கத்துப் பழங்குழி சரிந்தது. வெறும் மணலில் கிடத்தப்பட்ட யாரோ ஒரு கிழவர். சுடுமணலில் காய்ந்து, தாடிகூட அப்படியே இருந்தது.

முகம் இல்லாத உடலை, திரும்பி வரும் அதன் உயிர் எப்படி அடையாளம் காணும்? அன்றிலிருந்து நான் சரியாகத் தூங்கியதில்லை.

தங்கை ஹெதெபி காய்ச்சலில் படுத்ததும் அவள் புருஷன் சேகெர் வடக்கிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்தான். பெட்டி வேண்டாம், மணலே போதும் என்று நான் கெஞ்சினேன்.

"உங்க குடும்பத்துக்கே மண்ணுதான் பிடிக்கும் போல, மதினி," என்று சிரித்தான். "என் பொண்டாட்டிய நாயப் புதைக்கிற மாதிரி புதைக்க விடமாட்டேன்."

அவன் வீட்டில் உயிர் போனால் உடல் அவன் பெட்டிக்குத்தான் போகும். ஆகவே அதற்கு முன்பே அழைத்துப்போக வேண்டியிருந்தது.

அறுவடை நாள். ஊரே வயலில் இருந்தது. அவளைக் கழுதையில் ஏற்றினேன்.

"எங்கக்கா போறோம்?"

"அம்மாவைப் பாக்க."

"பசிக்குதுக்கா. வெங்காயம் ஏதாவது வச்சிருக்கியா?"

ஐந்து நாளாக ஒன்றும் தின்னாதவள். நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. சாகப்போகிறவர்களுக்குக் கடைசியில் இப்படித்தான் தெளியும் என்பார்கள்.

வெங்காயம் கொடுத்தேன். கண்ணுக்குப் பச்சை மை தீட்டினேன். கழுத்தில் மணிமாலை, தலைமாட்டில் ரொட்டி, ஒரு குடம் பீர். எதிலும் குறை வைக்கவில்லை. முழங்காலை மடக்கி, முகத்தை மேற்கே திருப்பி, அம்மா பக்கத்தில் தோண்டிய குழியில் படுக்க வைத்தேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

"மணல் சுடுதுக்கா."

"சுடத்தான்டி வேணும்."

பிறகு அவள் எழப் பார்த்தாள். முழங்கால் நிமிரக் கூடாது என்பது முறை. அதனால் மணலைத் தள்ளி மூடிக் கொஞ்ச நேரம் மேலே உட்கார்ந்திருந்தேன். அதிக நேரம் ஆகவில்லை.

விசாரிக்க வந்த நீங்களே தோண்டிப் பார்த்துவிட்டீர்கள், ஐயா. ஓர் இமைமுடிகூட உதிரவில்லை. பிறகு ஏன் அந்த முகத்தைத் துணி போட்டு மூடினீர்கள்?