சகலையின் தொட்டி

மகாஜனங்களே, மனித குலத்துக்கே பயன்படக்கூடிய மாபெரும் உண்மை ஒன்று கும்மிடிப்பூண்டியில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் செப்டிக் டேங்கைப் பார்த்துப் பொறாமைப்பட முடியும்.

கண்டறிந்தவர் சின்னராசு. இரும்பாலையில் எங்களோடு நைட் ஷிப்ட் பார்ப்பவர். அன்று கரண்ட் போய், உலையும் நின்று, ஆறேழு பேர் டீ கிளாஸோடு ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

“என் மச்சானோட கூட்டாளி மோசஸுக்கு நடந்தது. சிரிக்காம கேளுங்க.”

மோசஸும் எட்வர்டும் சகலைகள். அக்காவைக் கட்டியவன் எட்வர்ட், தங்கை ஏஞ்சலினைக் கட்டியவன் மோசஸ். அடுத்தடுத்த மனை. எட்வர்ட் மாடி எடுத்தால் மோசஸுக்கு ஒரு வாரம் தூக்கம் வராது. புதுவீட்டில் ஜெபம் முடிந்ததும் எட்வர்ட் வந்தவர்களைக் கொல்லைக்கு அழைத்துப்போய்த் தொட்டி மூடியையே திறந்து காட்டினான்.

“எட்டிப் பாரு சகல. ரெண்டு அறை. பூச்சு வழவழன்னு கீது பாரு. உன்து எவ்ளோ ஆழம்?”

மோசஸ் அன்றைக்குப் பிரியாணி சாப்பிடவில்லை.

பின்னொரு நாள், வேறொரு விருந்தாளிக்குத் திறந்து காட்டும்போது எட்வர்டின் செல்போன் உள்ளே விழுந்தது. கழிவு உறிஞ்சும் லாரிக்காரனைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. “நான் கட்டுன டாங்கி, எனுக்குத் தெரியாதா?” என்று ஏணி வைத்து இறங்கினான். பாதி ஏணி... அவ்வளவுதான். ஒரு சத்தம்கூட இல்லை.

சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து மோசஸ் முணுமுணுத்தானாம். “இம்மாம் ஜனமா? எனுக்கு வருமா?”

எட்வர்டின் மனைவி பொன்னேரிக்குத் தாய்வீடு போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடந்தது.

ராத்திரி பன்னிரண்டரை. ஏரிக்கரை ரோடு. ஒரு நாய்கூட இல்லை. மோசஸ் ஷிப்ட் முடிந்து பைக்கில் வருகிறான். வாசலில் இன்ஜினை அணைத்ததும்...

டொக்.

பூட்டிய வீட்டின் கொல்லையிலிருந்து. சிமெண்ட் மூடிக்கு அடியிலிருந்து.

டொக்... டொக்.

“சகல... உன்து எவ்ளோ ஆழம்?”

வேறு எவனாக இருந்தாலும் ஓடியிருப்பான். மோசஸ் பதில் சொன்னான். “உன்தவிட ஒரு அடி ஜாஸ்தி!”

உள்ளே ஒரு சிரிப்பு. தண்ணீருக்குள் சிரிப்பது மாதிரி. “பொய்யி. வந்து அளந்து பாரு.”

கடப்பாரை எடுத்தான். இரண்டு ஆள் தூக்கும் மூடி. நெம்பி நெம்பிப் பாதி நகர்த்தினான். குப்பென்று அழுகிய முட்டை நாற்றம். மூங்கில் கழியோடு குப்புறப் படுத்துத் தலையை உள்ளே நீட்டினான். அப்போது நாற்றம்... நின்றுவிட்டது. பட்டென்று. ஒரு வாசமும் இல்லை.

“அதான் கெட்ட நேரம்,” என்றார் சின்னராசு. “நாத்தம் போச்சுன்னா நல்ல காத்து வந்துச்சின்னு நினைக்காத. விஷவாயு மூக்க மரத்துப்போவ வெச்சிருக்கும்.”

பைக் சத்தம் நின்றும் ஆள் வரவில்லையே என்று வெளியே வந்தாள் ஏஞ்சலின். அக்கா வீட்டுக் கொல்லையில், மூடிப் பக்கத்தில் இரண்டு கால்கள் மட்டும். எட்டிப் பார்க்கவில்லை அவள். கால்களைப் பிடித்துத் தரதரவென்று வெட்டவெளிக்கு இழுத்தாள். அப்புறம்தான் கத்தினாள். சத்தம் கேட்டு டார்ச்சோடு ஓடிவந்து எட்டிப் பார்க்கப் போன தெருக்காரனையும் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எவனும் கிட்ட போவாதீங்க! ஒருத்தன் போனது போதும்!”

விடியும்போது ஆஸ்பத்திரியில் மோசஸ் கண் திறந்தான். முதல் கேள்வி: “அவன்து எவ்ளோ ஆழம்னு பாத்தியா?”

“நீ செத்திருந்தாலும் அவன்தான்யா ஃபர்ஸ்ட்டு. நீ ரெண்டாவது. மூடினு படு,” என்றாள் ஏஞ்சலின்.

மோசஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டானாம்.

கதை முடிந்தது என்று எழுந்தோம். சின்னராசு கிளாஸைக் கீழே வைத்தார்.

“காலைல லாரிக்காரன் வந்து பாத்தாம்பா. மூடி மூடிக்கினு இருந்துச்சி. அச்சு பிசகாம. கிட்டவே யாரும் போவல. மோசஸ் கழி மட்டும் மூடி மேல படுத்துக்கினு இருந்துச்சி. ஈரமா. ஈரம் எங்க நின்னுதுன்னு அளந்தாங்க... மோசஸோட டாங்கிய விட சரியா ஒரு அடி ஜாஸ்தி.”

தூரத்தில் ஒரு சரக்கு ரயில் போனது.

ஷிப்ட் முடியும் வரை எங்களில் ஒருவரும் கக்கூஸ் போகவில்லை.