மூன்றாவது வெள்ளைக் கல்

வலிக்கும் வலது தோளை இடது கையால் பிடித்தபடி இந்த மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் சுண்ணாம்பு அண்ணே! வாளி சுமந்து வடுவேறிய வலியவரே! மலையேறி மலையேறி முழங்கால் தேய்ந்தவரே! இருபத்தொன்பது ஆண்டுகள் இந்தச் சின்ன விமான நிலையத்துக்குக் கண்ணாக இருந்து இன்று ஓய்வுபெறும் காவலரே, வணக்கம்!

வந்திருக்கும் விருந்தினர் அறிய ஒன்று சொல்கிறோம். ஓடுபாதைக்கு எதிரே மலைச்சரிவில் மூன்று பாறைகள்: ஒன்று அடியில், ஒன்று நடுவில், ஒன்று கணவாயின் வாயில். மாதந்தோறும் அவற்றுக்குச் சுண்ணாம்பு அடிப்பது அண்ணன் வேலை. கட்டுப்பாட்டுக் கோபுரத்து ஜன்னலில் நின்று எத்தனை கல் தெரிகிறதென்று பதிவேட்டில் எழுதுவது எங்கள் வேலை. மூன்றும் தெரிந்தால்தான் விமானம் கணவாய்க்குள் போகலாம். மேகம் வந்துவந்து போகும் மலை என்பதால், கால் மணி முன்பு தெரிந்த கல்லையும் தெரிந்ததாகவே எழுதிவிடுவோம். வருடக்கணக்கில் அப்படித்தான் எழுதினோம். ஒன்றும் ஆகவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன், அந்தக் காலை, வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய உங்களை, அன்றைய விமானத்தை ஓட்ட வந்த மீசை கேப்டன் மறித்துக் கேலி பேசினார். "அண்ணே, எனக்கும் ஒரு கோட்டு அடிச்சு விடுங்க, மேகத்துல நானும் தெரியட்டும்." நீங்கள் சுண்ணாம்பு மட்டையை ஓங்கினீர்கள். அவர் சிரித்துக்கொண்டே ஓடினார்.

பத்தரை மணிக்கு மேலிருந்து வாக்கிடாக்கியில் கத்தினீர்கள். "மூணாவது கல்லு மூடிருச்சுப்பா! வண்டியை நிறுத்து!"

"இப்பத்தானே பார்த்தேன் அண்ணே" என்றார் கோபுரத்தில் இருந்த எங்கள் ஆள்.

"நான் அதைத் தொட்டுக்கிட்டு நிக்கறேன், எனக்கே பாதிதான் தெரியுது. நீ அங்கருந்து பார்த்துட்டியா?"

பதிவேட்டில் மூன்று என்று எழுதி முடித்தாயிற்று. விமானமும் தரையை விட்டிருந்தது. அதன் பிறகாவது கேப்டனைக் கூப்பிட்டுத் திருப்பியிருக்கலாம். மேகம் விலகிவிடும் என்று இருந்துவிட்டோம்.

உங்கள் தலைக்கு மேல் இரைச்சல் கேட்டதாம். பிறகு ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே இல்லையாம். அந்த வெள்ளைக்குள் தடவித் தடவிப் போய்ச் சேர்ந்தீர்கள். மூச்சு இருந்த ஒரே ஆள் கேப்டன். வலது தோளில் போட்டு இறங்கினீர்கள். பாதி வழியில் அதுவும் நின்றது. ஓடுபாதையில் அவரைக் கிடத்தியபோது, சட்டையில் உங்கள் கை பட்ட இடமெல்லாம் சுண்ணாம்பு. ஆறு பேர் போனார்கள். ஆறு பேரும் திரும்பவில்லை.

விசாரணையில் நாங்கள் சொன்னது இது: "கல்லில் சுண்ணாம்பு மங்கியிருந்தது. கல்லும் மேகமும் ஒன்றுபோலத் தெரிந்தன." பதினோரு பேரும் இதையே சொன்னோம். வாக்கிடாக்கிப் பேச்சுக்குப் பதிவு கிடையாது. உங்கள் கோப்பில் கண்டன மெமோ ஏறியது. வராந்தாவில் எங்களைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டீர்கள்: "அன்னைக்கு ஈரம்கூடக் காயலையேப்பா?"

பொறுமையின் பொருளானவரே! மறுமாதமும் வாளியோடு ஏறினீர்கள். எங்களோடு டீ குடித்தீர்கள். யாரையும் ஒரு சொல் சுடவில்லை. நீங்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். இதைத் தாங்க முடியவில்லை. இப்போதெல்லாம் கண் காண்பதை மட்டுமே எழுதுகிறோம்.

அண்ணி தேய்க்கும் தைலம் இனியாவது பலிக்கட்டும்! தோள் ஆறட்டும்! பேரப்பிள்ளைகளைத் தவிர எதையும் நீங்கள் தூக்காமல், நோய்நொடி அண்டாமல், நீடூழி வாழ்க!

பொன்னாடை போர்த்தினோம், மாலை போட்டோம், இந்த மடலுக்குச் சட்டமும் போட்டோம். உங்கள் கோப்பில் அந்த மெமோ அப்படியே இருக்கிறது. "அண்ணன் தடுத்தார், நாங்கள் கேட்கவில்லை" என்று விசாரணை அலுவலகத்துக்கு எழுதித் தர வேண்டிய கடிதம் உங்களுக்கு நாங்கள் பட்ட கடன். அது இன்னும் தீரவில்லை.

இப்படிக்கு,
அந்தக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டிய பதினோரு பேர்