எழுதிக் கொடுக்காத பேச்சு

“பேச்சுப்போட்டியில இந்த முறை என்ர வகுப்புக்கு ஒரு கப்பும் வராது, அக்கா.”

கோலியர்ஸ் வுட் நிறுத்தத்தில் பஸ் ஏறிய இரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளில் இளையவர் சொன்னார்.

“ஏன், பிள்ளையள் பாடமாக்கேல்லையோ?”

“நான் எழுதிக் குடுக்கேல்ல. போன முறை முதற்பரிசு எடுத்தவளிட்ட, என்ன பேசினனீ எண்டு கேட்டன். ‘டீச்சர், அது உங்கட பேச்செல்லோ’ எண்டாள்.”

“தாய்மார் உம்மைச் சும்மா விடுவினமோ?”

“ரெண்டு பேர் வகுப்பு மாத்தித் தரச்சொல்லிக் கேட்டிட்டினம்.”

“இப்ப என்னத்தைப் பேசுதுகள்?”

“ஒருத்தன் தான் வளர்த்த ஹாம்ஸ்டர் எலி செத்ததைப் பற்றி. நாலு வசனம்தான். எல்லாம் அவன்ர.”

“நாலு வசனத்துக்கு ஆர் பரிசு குடுப்பினம்?” என்றார் மூத்தவர்.

அடுத்த நிறுத்தம் தாண்டியபின் மூத்தவரே கேட்டார்:

“அந்த ஹாம்ஸ்டருக்கு என்ன பேராம்?”