டீ குடிக்கப் போன நேரம்

– லெஃப்ட்ல திரும்பியிருக்கணும் டாக்டர் தம்பி. சாந்தோமுக்கு அந்தப் பக்கம்.

– தெரியும் மேடம்.

– தெரிஞ்சே நேரா போறீங்களா? தோசை ஆச்சு, காபி ஆச்சு. கேஸ் ஜெயிச்ச அன்னிக்கு எந்தக் கட்சிக்காரரும் எனக்கு இவ்வளவு உபசாரம் பண்ணதில்ல. வீட்ல கொண்டுபோய் விட்டா முட்டிக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டு உக்காந்துடுவேன்.

– ஒரு எடத்துக்குப் போயிட்டு விடுதேன். கொஞ்ச நேரந்தான்.

– 'விடுதேன்'! கோர்ட்ல அவ்வளவு சுத்தமாப் பேசினவர், தீர்ப்பு வந்ததும் வீட்டுப் பேச்சுக்குப் போயாச்சு. எங்க, தி.நகர்ல உங்க ஜவுளிக் கடைக்கா? உங்க அப்பா புடவை எடுத்துக்கச் சொன்னாரா?

– சொன்னாவ. மர்சலின் மேடத்துக்கு எது புடிச்சாலும் பில் போடக் கூடாதுன்னு கடையில எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்காவ. அது நாளைக்கு. இப்ப வடபழனி.

– வடபழனில யாரு இருக்கா... ஏசுவே. ஜவஹர், காரை நிறுத்துங்க.

– தேனாம்பேட்டை சிக்னல் மேடம். நின்னுதான் இருக்கு.

– டில்லிபாபு வீட்டுக்கா?

– ஆமா.

– உங்க மேல கேஸ் போட்டவர் வீட்டுக்கு. அவர் தோத்த அன்னிக்கே. அதுவும் அவரைத் தோக்கடிச்ச வக்கீலைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு.

– உங்களுக்குத் தெரியாமப் போயிருக்கலாம். மனசு வரல. நாலு வருஷம் எனக்காகக் கோர்ட்டுப் படி ஏறி எறங்கியிருக்கீங்க.

– சோப்புப் போடாதீங்க. நான் சொல்றதைக் கேட்டுக்கோங்க. அவருக்கு அப்பீல் போக இன்னும் நாள் இருக்கு. இன்னிக்கு அங்க நீங்க பேசற ஒவ்வொரு வார்த்தையும் அப்பீல்ல வந்து நிக்கும். அவர் மனைவி சந்திரிகா செத்தது உங்க தப்பு இல்ல. கர்ப்பப்பை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. மூணாம் நாள் கால்ல கட்டின ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைச்சுது. அது வராம இருக்கப் போட வேண்டிய ஊசி போட்டீங்க, நடக்க வச்சீங்க. பெரிய டாக்டருங்க கமிட்டி அப்படித்தான் எழுதிக் குடுத்தாங்க, இன்னிக்குக் கோர்ட்டும் சொல்லிடுச்சு. இன்னும் என்ன வேணும்?

– நான் இன்னும் கத்தியத் தொடல மேடம்.

– என்னது?

– அந்தம்மா போனதுல இருந்து ஒரு ஆபரேஷன் பண்ணல. ஓ.பி.ல உக்காந்து மாத்திரை எழுதுதேன். கேட்டவங்களுக்கெல்லாம் கேஸ் முடியட்டும்னு சொன்னேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். இன்னிக்குத் தீர்ப்பைப் படிச்சாங்க. நீங்க சந்தோஷத்துல என் தோளைத் தட்டினீங்க. எனக்கு ஒண்ணுமே ஆகல. வேற யாரோ ஜெயிச்ச மாதிரி இருந்துது.

– இதை ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?

– கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும்னு நீங்கதான பழக்கினீங்க.

– வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. சிக்னல் விழுந்தாச்சு, பின்னாடி ஆட்டோக்காரர் கத்தறார், போங்க.

– வடபழனிக்குத்தான?

– போங்கன்னுதான் சொன்னேன். எங்கன்னு சொல்லல. வழியில இதைக் கேட்டுக்கோங்க. எனக்கு முதல் டாக்டர் கேஸ் யாருதுன்னு சொல்லியிருக்கேனா? ஷஃபியுல்லா டாக்டர். மந்தைவெளில சின்னக் கிளினிக். டாக்டருங்களைக் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு இழுக்கலாம்னு ஆன புதுசு அது. காய்ச்சல்ல ஒரு குழந்தை போயிடுச்சு. அவர் பார்த்த அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினவர், அவர் மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா மனசு கேக்காம மறுநாள் அவங்க வீட்டுக்குப் போயிருக்கார். அந்தத் தாய் கையைப் புடிச்சுக்கிட்டு, இன்னும் கொஞ்சம் முன்னாடியே அனுப்பியிருக்கலாமோ என்னமோம்மான்னு அழுதிருக்கார். அவ்வளவுதான் சொன்னது. அதைக் கொண்டுவந்து கோர்ட்ல வச்சாங்க. டாக்டரே ஒத்துக்கிட்டார் பாருங்கன்னு. நான் தலைகீழா நின்னு பார்த்தேன், தோத்துட்டோம். அவர் கிளினிக்கை மூடிட்டுப் பெங்களூருக்கு மகன் வீட்டுக்குப் போயிட்டார். அதுக்கப்புறம் ஒரு நாடி புடிச்சுப் பார்க்கல.

– எனக்குத் தெரியாதே மேடம்.

– யாருக்கும் சொல்றதில்ல. அன்னிலேர்ந்து என்கிட்ட எந்த டாக்டர் வந்தாலும் முதல் நாளே சொல்லிடுவேன். அங்க போகாதே, பேசாதே, போன் வந்தா எடுக்காதேன்னு. சந்திரிகா போன மறுநாள் நீங்க வந்தப்பவும் அதைத்தான் சொன்னேன். முப்பது வருஷமா அப்படித்தான் ஒவ்வொருத்தரையும் காப்பாத்தியிருக்கேன். கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுக்கு வர்ற கேக்ல பாதி டாக்டருங்க அனுப்பறது. நேர்ல பார்த்தா மட்டும் பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்பிப் போயிடுவாங்க, கோர்ட் ஞாபகம் வந்துடும். அது பரவால்ல. தொழில் பண்றாங்கல்ல? அது போதும் எனக்கு.

– நான் பண்ணலியே மேடம்.

– ...கோடம்பாக்கம் பாலம் ஏறிட்டோம். என்ன சொல்லப் போறீங்க அவர்கிட்ட? முதல்ல என்கிட்ட சொல்லுங்க, நான் பார்த்துச் சரி பண்ணித் தரேன்.

– மூணு தடவை உங்ககிட்டதான் சொல்ல வந்தேன். அந்தம்மா கடைசியாப் பேசினதுன்னு ஆரம்பிச்சாலே, கேஸ் ஷீட்ல இருக்கான்னு கேட்டீங்க. இல்லன்னேன். அப்ப வேண்டாம்னுட்டீங்க.

– பின்ன? எழுதாத ஒண்ணைச் சொன்னா, வேற என்னெல்லாம் எழுதாம விட்டீங்கன்னு கேப்பாங்க. எதிர்ல நான் இருந்தா அதைத்தான் கேட்டிருப்பேன். டில்லிபாபுவை நான் குறுக்கு விசாரணை பண்ணது ஞாபகம் இருக்கா? நர்ஸே வரல, டாக்டரே பார்க்கலன்னு எழுதிக் குடுத்திருந்தார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். உங்க மனைவி சாகும்போது நீங்க டீக்கடையில இருந்தீங்க, சரியான்னு. ஆமான்னார். கேஸ் நம்ம பக்கம் சாஞ்சது அங்கதான்.

– ஞாபகம் இருக்கு மேடம். நான் அவர் மொகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

– நான் ஜட்ஜ் மொகத்தைப் பார்த்தேன். என் வேலை அது.

– இந்தத் தெருதான். பஸ் டெப்போவுக்குப் பின்னாடி. அந்த லைட் வண்டி நிக்குதுல்லா, அவரோடதுதான். சினிமா ஷூட்டிங்குக்கு லைட் குடுக்குறவரு.

– ஒரே ஒரு கண்டிஷன். வாயில மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. வர்ற மாதிரி இருந்தா நான் இருமுவேன். ஒடனே நிறுத்திடணும்.

– சரி மேடம்.

– கையைக் குடுங்க, இந்தப் படிக்கட்டைப் பார்த்தா எனக்கு... மாதாவே. மெதுவா.

– யாருங்க? அட, டாக்டரா. வக்கீலம்மாவும் வந்துகிறாங்க. இன்னா, அப்பீல் போவியான்னு கேக்க வந்தீங்களா?

– இல்லண்ணே. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

– மிஸ்டர் டில்லிபாபு, இது கேஸ் சம்பந்தமா இல்ல. இங்க டாக்டர் பேசறது எதையும் நீங்க...

– வக்கீலம்மா, இது கோர்ட்டு இல்ல, வூடு. மொதல்ல குந்துங்க, படி ஏறி மூச்சு வாங்குது உங்களுக்கு. அந்த லைட் ஸ்டாண்ட நவுத்திட்டு நீங்களும் குந்துங்க டாக்டர். நாளிக்கு ஷூட்டிங்கு, எல்லாம் அப்பிடியே கீது. இன்னா சொல்லணும்?

– அன்னிக்குக் காலையில நான் ரவுண்ட்ஸ் வந்தப்ப அவங்க கட்டில்ல எழுந்து உக்காந்து தலை சீவிக்கிட்டு இருந்தாங்க. வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டேன். நாந்தான் வெரட்டி விட்டேன்னாங்க. ராத்திரி பூரா ஸ்டூல்லயே உக்காந்திருக்காரு, போய்யா, ஒரு டீ குடிச்சுட்டு வான்னு தள்ளி விட்டேன்னாங்க.

– தள்ளிதான் உட்டா. நான் போகலன்னேன்.

– இதை நான் அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும். மன்னிச்சிக்கிடுங்கண்ணே.

– வக்கீலம்மா, இன்னா இருமுறீங்க? தண்ணி தரவா?

– வேணாம்ப்பா.

– இந்தாங்க, குடிங்க. பானைத் தண்ணிதான்... டாக்டர், உங்க வக்கீலம்மா என்னைக் கூண்டுல நிக்க வச்சு கேட்டாங்களே, டீக்கடையில இருந்தியான்னு. அது கரெக்டுதான், அவங்க மேல ஒண்ணும் கோவம் இல்ல. ஆனா அன்னிலேர்ந்து எனக்கு டீ எறங்கல. ஷூட்டிங்ல டீ வந்தா லைட்டு பின்னால போய் நின்னுக்குவேன். பொண்டாட்டி சாவ சொல்லோ டீ குடிச்சிக்கினு இருந்தவன் நானு.

– டாக்டர்.

– சொல்லுங்க மேடம்.

– எனக்கு இருமல் நின்னுடுச்சு. அவருக்கு எல்லாத்தையும் முழுசாச் சொல்லுங்க.

– என்னைக் கேட்டாளா டாக்டர்?

– உங்களைப் பத்தி மட்டுந்தாண்ணே பேசினாங்க. அவருக்கு சுகர் இருக்கு டாக்டர், வீட்ல நான் சக்கரையே போடறதில்ல, வெளியில போனா ரெண்டு ஸ்பூன் போட்டுக் குடிக்கறாரு, நான் சொன்னா கேக்க மாட்டாரு, அவர் திரும்பி வந்ததும் நீங்க ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்கன்னாங்க. பாக்குதேம்மான்னேன். மறக்க மாட்டீங்களேன்னு சிரிச்சாங்க. மறக்க மாட்டேன்னேன். அதுக்கு அப்புறந்தான் மூச்சு விட முடியலன்னு சொல்லி என் கையைப் புடிச்சாங்க.

– கஷ்டப்பட்டாளா?

– பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் பயந்தாங்க. ரொம்ப நேரம் இல்ல, நெனவு போயிடுச்சு. என்னால முடிஞ்ச எல்லாம் செஞ்சு பாத்தேன். நீங்க அங்கனயே நின்னிருந்தாலும் அவங்களை நிறுத்தி வச்சிருக்க முடியாதுண்ணே. டாக்டர் நானே நின்னேன், என்னாலயே முடியல. ஆனா அவங்க தனியாப் போகல. கடைசி வரைக்கும் அவங்க கை என் கையிலதான் இருந்துது.

– டில்லிபாபு, உக்காருங்கப்பா. இப்படி வந்து உக்காருங்க.

– இல்லம்மா. நிக்கறேன். நின்னாதான் எனக்கு... ரெண்டு ஸ்பூனுன்னா சொன்னா?

– ரெண்டுன்னாங்க.

– மூணு போடுவேன் டாக்டர். அவளுக்குத் தெரியாது.

– அழுதா அழுங்கப்பா. நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம். டாக்டர், அந்தத் தண்ணியை இப்படிக் குடுங்க.

– அண்ணே, சுகர் பாத்து எவ்வளவு நாள் ஆச்சு?

– யாரு பார்த்தா? அவதான் இட்டுக்கினு போவா.

– கையை நீட்டுங்க. மெஷின் கொண்டாந்திருக்கேன். அவங்ககிட்ட ஒத்துக்கிட்டு வந்த வேலை, இன்னும் பாக்கி கெடக்கு. நடு விரல். லேசாக் குத்தும்.

– குத்துங்க.

– டில்லிபாபு, நான் ஒண்ணு கேக்கலாமா? வக்கீலா இல்ல. நாலு வருஷமா ஷூட்டிங்கை விட்டுட்டு விட்டுட்டுக் கோர்ட்டுக்கு வந்தீங்க. உங்க புகாரை நான் வரி வரியாப் படிச்சிருக்கேன். ஊசி போடல, கவனிக்கல, நஷ்ட ஈடு குடுங்கன்னுதான் இருந்துது. கடைசியா என்ன பேசினாங்கன்னு தெரியணும்னு அதுல எங்கயுமே இல்லியேப்பா.

– எங்க வக்கீலுகிட்ட மொதோ நாள் அதைத்தாம்மா சொன்னேன். டாக்டர்தான் பக்கத்துல இருந்தாராம், அவ இன்னா சொன்னான்னு அவரு சொன்னா போதும்னேன். அதெல்லாம் கேஸுல வராது, நஷ்ட ஈடு எவ்ளோ போடலாம் சொல்லுன்னாரு. மத்ததெல்லாம் அவரா எழுதினது. அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போய் நின்னேன். டாக்டர் உன்னைப் பார்க்கக் கூடாதுன்னு அவரோட வக்கீலு சொல்லிகிறாங்கன்னு வாட்ச்மேன் திருப்பி அனுப்பிச்சிட்டாரு.

– அந்த வக்கீல் நான்தாம்ப்பா.

– தெரியும்மா. வேற வழி இல்லாமதான், கூண்டுல ஏத்தினாலாவது டாக்டர் வாயத் தொறப்பாருன்னு கேஸு போட்டேன்.