இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி

திருநகரிலிருந்து பெரியார் நிலையம் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்த பெண் சொன்னாள்: "எங்கப்பா பேரையே செல்லாதுன்னு சொல்லிருச்சுண்ணே, நம்ம சைட்டு."

பக்கத்திலிருந்தவர் அதே அலுவலகம் போல. சிரித்தார். "அப்படி என்னம்மா பேரு?"

"ச.அந்தோணி. பேரைச் சரிபாக்குற பேட்டர்ன்ல எழுத்து மட்டுந்தான் வரலாம்னு இருக்கு. புள்ளி ஆகாது. இனிஷியல விட்டுட்டுப் போடுங்கப்பான்னேன். 'அப்ப எங்கப்பன் எங்கிட்டுப் போவாரு?'ன்னு கேட்டாரு."

"பேட்டர்ன மாத்த வேண்டியதுதானே?"

"எத்தன எடத்துல? ஆளாளுக்கு அந்த வரிய காப்பி பண்ணி அவுகவுக ஃபைல்ல ஒட்டி வச்சிருக்கீக. நீங்களுந்தான்."

"நானுமா!"

"பேரு, போன் நம்பரு, பின்கோடு, அம்புட்டு பேட்டர்னையும் மாட்யூல்னு ஒரே பொது ஃபைல்ல கொண்டாந்து வச்சுட்டேன். இனி எல்லாரும் அங்கருந்துதான் எடுக்கணும். பேருல புள்ளியும் வரலாம்னு மாத்தி நேத்து சைட்டுல ஏத்தியாச்சு."

"அங்க ஒண்ணு தப்பாப் போனா எல்லாம் படுத்துரும், பாத்துக்க."

"அதான் அப்பாவ மறுபடி பேரப் போட்டுப் பாக்கச் சொல்லிருக்கேன்."

ஒட்டுக்கேட்டது தவறுதான். போன மாதம் ஓர் இணையப் பதிவில் என் பெயரும் இப்படித்தான் நின்றது. நான் முன்னெழுத்தை அழித்துவிட்டு மேலே போய்விட்டேன். என் தந்தையை நினைக்கவே இல்லை.

பழங்காநத்தத்தில் அவள் கைபேசி அடித்தது. "ஏத்துக்கிருச்சா? புள்ளியோடயா?" என்றாள். முகமெல்லாம் சிரிப்போடு போனைப் பக்கத்தில் நீட்டினாள். "அண்ணே, எத்தன எடத்துல மாத்துனேன்னு எங்கப்பாட்ட நீங்களே சொல்லுங்க."

அவர் வாங்கிக் காதில் வைத்தார்.

"ஒரே எடத்துலதாங்கய்யா. நான் ஒட்டி வச்ச தப்பும் அதோட சேந்து சரியாயிருச்சு."