வள்ளியின் முதுகெலும்பு

உறைந்த எலியை மைக்ரோவேவில் வைத்துச் சூடாக்கக் கூடாது. அகலமான பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் போட்டு வைத்தால் போதும், பதமாக வந்துவிடும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், பாம்பைப் பராமரிப்பதில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதுதான். நேற்று பொலிஸ் நிலையத்தில் நீங்கள் கேள்வி கேட்ட விதத்தில் அப்படி ஓர் எண்ணம் தெரிந்தது.

மொழிபெயர்ப்பாளர் அம்மா என்னைத் தமிழிலேயே எழுதச் சொன்னார், தான் ஆங்கிலத்தில் போட்டுத் தருவதாகச் சொன்னார். நல்ல மனுஷி. ஆகவே எதையும் சுருக்காமல் எழுதுகிறேன்.

என் பெயர் யோகராஜா. வயது ஐம்பத்து மூன்று. மருத்துவமனை ஒன்றில் போர்ட்டர் வேலை. நோயாளிகளை வார்டிலிருந்து எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போவது, கட்டிலிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது. பத்தொன்பது வருடத்தில் ஒருவரையும் நான் கீழே விட்டதில்லை. விசாரித்துப் பாருங்கள்.

ரதீசன் எனக்குப் பதினேழு வயது இளையவன். பெற்றோர் போன பிறகு, பதினான்கு வயதில் அவனை லண்டனுக்கு எடுப்பித்தேன். எனக்கும் கல்யாணப் பேச்சுகள் வந்தன, தம்பி சொந்தக் காலில் நிற்கட்டும் என்று தள்ளிப் போட்டேன். அவனும் நின்றான். நின்றதோடு விட்டிருக்கலாம், நடக்கத் தொடங்கிவிட்டான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் வேலையால் வரும்போது பாம்பொன்றையும் கொண்டுவந்தான். நான்கடி நீளம், செம்மஞ்சள் நிறம், விஷம் இல்லை. அமெரிக்காவில் சோளக் களஞ்சியங்களில் எலி பிடிக்கும் சாதியாம். வள்ளி என்று பெயர் வைத்தான். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிதான், அதனால் வள்ளிக்குச் சனிக்கிழமை சாப்பாடு என்று நான் ஒழுங்குபடுத்தினேன். எலிகளைப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து, மேலே கொட்டை எழுத்தில் எலி என்றும் எழுதினேன். விருந்தாளிகள் வந்துபோகிற வீடு.

பிறகு ஜதுர்ஷிகா என்ற பிள்ளையோடு கல்யாணம் சரிவந்தது. லண்டனின் மறுகோடியில், ஹரோவில், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். கெட்டிக்காரி, அவளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆவணியில் தாலி கட்டிவிட்டு ஹரோவிலேயே குடியிருக்கப் போவதாகத் தம்பி சொன்னான்.

“கிழமைக்கு ஒருக்கா வருவன் அண்ணை” என்றான்.

கிழமைக்கு ஒருமுறை லூயிஷாமில் எங்கள் தெருவுக்கு வருவது கவுன்சிலின் குப்பை லொறி. சந்தோஷம் என்றுதான் சொன்னேன்.

வைகாசியில் ஒரு பின்னேரம் அவன் வள்ளியின் கண்ணாடிப் பெட்டியைச் சரியாக மூட மறந்துவிட்டான். தங்கியிருந்த விருந்தாளி போன பிறகு நான் முன்னறையில் சோபாக் கட்டிலை மடித்தேன். உள்ளே அப்பளம் நொறுங்கியது போல ஒரு சத்தம் கேட்டது. திரும்ப விரித்துப் பார்த்தால் வள்ளி. அது தற்செயல். எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

மிருக வைத்தியர் எக்ஸ்ரே எடுத்தார். முதுகெலும்பில் மூன்று கணுக்கள் உடைந்திருந்தன. ஊசி போட்டுத் தூங்க வைப்பது ஒரு வழி, ஆறேழு மாதம் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பது இன்னொரு வழி என்றார். தம்பி அங்கேயே அழுதான். பதினான்கு வயதில் ஹீத்ரோவில் வந்து இறங்கியபோது அழாத பிள்ளை. நான் அவன் முதுகைத் தடவிவிட்டு, பார்ப்போம் என்று வைத்தியரிடம் சொன்னேன்.

அன்றிரவே ஜதுர்ஷிகாவின் தாய் கமலேஸ்வரி அக்காவுக்குப் போன் செய்தேன். சம்பந்தி வீட்டாருக்கு ஒரு தகவலாகத்தான் சொன்னேன். அவர் எல்லா விரதமும் பிடிக்கிறவர், பாம்பு கனவில் வந்தாலே கோயிலுக்கு ஓடுகிறவர் என்பது எனக்குத் தெரியும்தான். தெரிந்த ஒருவருக்குத் தகவல் சொல்வது குற்றமாகாது. அவர் சொன்னார்:

“தம்பி, நாகம் முறிஞ்சு கிடக்கிற வீட்டில மாப்பிள்ளை எடுக்கேலாது. அது சுகப்பட்டு எழும்பட்டும். ஊசி கீசி போட்டுச் சாகடிச்சியளெண்டால் என்ரை பிள்ளைக்கு வயித்தில ஒண்டும் தங்காது.”

தம்பி போனை வாங்கி, இது நாகமே இல்லை, அமெரிக்காவில் இருந்து வந்த பாம்பு, கடையில் வாங்கியது என்றெல்லாம் விளக்கினான்.

“நாகதம்பிரானுக்கு விசா பாக்கிற வேலை இல்லை ரதீசன்” என்று அவர் முடித்துவிட்டார்.

ஆவணி முகூர்த்தம் நின்றது. பாம்பு குணமாகும்வரை கல்யாணம் இல்லை என்று இரண்டு வீட்டிலும் முடிவானது.

அதற்குப் பிறகு வந்த ஐந்து மாதத்தைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். முறிந்த முதுகுக்கு ஏறி இறங்குவது கூடாது, ஆகவே பெட்டிக்குள் இருந்த மரக் கொப்புகளை எடுத்துவிட்டுத் தட்டையான பெட்டியில் வைத்தோம். பெரிய எலியை நிறுத்திச் சின்ன எலி கொடுத்தோம். வலி மருந்து துளிக் கணக்கில். தூக்கும்போது இரண்டு கையும் உடம்பு முழுக்கத் தாங்க வேண்டும், எந்த இடமும் தொங்கக் கூடாது. மலம் தானாகப் போகாது, அதனால் தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு இளஞ்சூட்டு நீரில் வைத்து வயிற்றை மெல்ல நீவிவிட வேண்டும்.

குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் முழந்தாளில் இருப்போம். அவன் தலைப்பக்கம், நான் வால்பக்கம். அதற்கு முன்பெல்லாம் அவன் சாப்பாட்டுக் கோப்பையோடு மேலே போய், காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு இருந்துவிடுவான். இப்போது பேசினான். லண்டனில் முதல் குளிர்காலத்தில் தான் எவ்வளவு பயந்தான் என்பதை இருபத்திரண்டு வருடம் கழித்து எனக்குச் சொன்னான். வள்ளி மலம் கழித்த நாட்களில் இரண்டு பேரும் கைகொட்டிச் சிரிப்போம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் இருந்ததில்லை.

சனங்களும் சுகம் விசாரிக்க வந்தார்கள். ஹோர்லிக்ஸ், தோடம்பழம், திராட்சை எல்லாம் வந்தன. என்னோடு வேலை செய்யும் சூசைதாசன் மடு மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டார். கோயிலில் அர்ச்சனைக்கு ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது, வள்ளி, ஆயிலியம் என்று கொடுத்தேன். பாம்புக்குரிய நட்சத்திரம் அதுதானே. அவர் சந்தேகப்படவில்லை, சுகப்பிரசவத்துக்கா என்று மட்டும் கேட்டார்.

இவ்வளவு கவனித்தால் எந்த உயிரும் தேறத்தான் செய்யும். ஐப்பசியில் வைத்தியர் புது எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, தன் மாணவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். எலும்பு பொருந்திவிட்டது, ஒரு சின்ன வளைவு மட்டும்தான் மிச்சம். காருக்குள் ஏறியதும் தம்பி ஜதுர்ஷிகாவுக்குப் போன் போட்டான். தையில் கல்யாணம் என்று அங்கேயே பேசி முடித்தார்கள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “அண்ணை, தப்பீட்டம்” என்றான். எதிலிருந்து தப்பினோம் என்று அவன் சொல்லவில்லை. வீடு வரும்வரை அதையே யோசித்தேன்.

அடுத்த கிழமை சோபாக் கட்டில் இரண்டாம் முறை மடிக்கப்பட்டது. இந்த முறை வள்ளி உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். நான் ஒளிக்க விரும்பவில்லை, நான்தான் வைத்தேன். வைத்தியர் பழக்கியபடி இரண்டு கையாலும் உடம்பு முழுக்கத் தாங்கித்தான் வைத்தேன். வலி மருந்தையும் முன்கூட்டியே குழாயில் எடுத்து வைத்திருந்தேன், ஆகவே அவளுக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் வலித்திருக்காது.

தை முகூர்த்தமும் நின்றது. இந்த முறையும் பெட்டியை மூட மறந்தது தான்தான் என்று நினைத்த தம்பி, சோபாவைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தான். மாலைக் குளியல் திரும்பவும் தொடங்கியது. ஆனால் இம்முறை ஜதுர்ஷிகாவும் வரத் தொடங்கினாள். முதலில் சனி ஞாயிறு, பிறகு வேலை முடிந்து மற்ற நாட்களிலும். வால்பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள். அவர்கள் இரண்டு பேரும் கதைப்பார்கள், நான் துவாயோடு கதவடியில் நிற்பேன். துவாய் பிடிப்பதும் ஒரு வேலைதான், நான் முகம் சுழிக்கவில்லை.

அந்தப் பிள்ளை கெட்டிக்காரி என்று முதலே சொன்னேன். காயம்பட்ட பாம்பு, ஆமை, ஓணான்களை வைத்துப் பராமரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியைச் சட்டன் என்ற ஊரில் தேடிப் பிடித்தாள். பிறகு ஐயரிடம் தானே பேசினாள். பட்டும் பாலும் பழமும் வைத்து, மன்னிப்புக் கேட்டு, நல்ல பராமரிப்பில் ஒப்படைத்தால் தோஷம் நிற்காது என்று அவர் சொல்லிவிட்டார். கமலேஸ்வரி அக்காவும் ஒத்துக்கொண்டார். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வள்ளியைப் பட்டுத் துணியில் கிடத்தி, தேங்காய் உடைத்து, சட்டனுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைக் கார்வரை தூக்கிச் சென்றது நான்தான். அந்தப் பெண்மணி பட்டுத் துணி எதற்கு என்று கேட்டாளாம், குளிருக்கு என்று தம்பி சொன்னானாம். வரும் வழியில் சித்திரைக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். தம்பியின் கட்டிலைக் கழற்றி, மேலிருந்து முன்னறைக்குக் கொண்டுவந்து, சோபா இருந்த இடத்தில் பூட்டினேன். பக்கத்தில் மணி ஒன்றும், குனியாமல் தண்ணீர் குடிக்க வளைந்த குழாய்க் குவளையும் வைத்தேன். ஏன் இதெல்லாம் திங்கட்கிழமையே செய்யப்பட்டது, விபத்து செவ்வாய்க்கிழமைதானே என்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். பராமரிக்கிறவர் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும். எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தருவது அது. தம்பியும் கேட்டான்தான். மேலே பெயின்ட் அடிக்கப் போவதாகச் சொன்னேன். அது ஒன்றுதான் நான் அவனுக்குச் சொன்ன பொய்.

செவ்வாய்க்கிழமை காலை, கூரைக்குக் கீழ் உள்ள பரணில் கிடந்த சூட்கேஸ்களை எடுக்க ஏணியில் ஏறினான். ஹரோவுக்குச் சாமான் கட்ட. மேலே போனதும், “அண்ணை, பிடிச்சிருக்கிறியளா?” என்று கேட்டான்.

“ஓம் தம்பி” என்றேன்.

கேட்ட நேரத்தில் பிடித்துத்தான் இருந்தேன். பெரிய சூட்கேஸை இழுத்து அவன் இரண்டு கையிலும் எடுத்த பிறகு, நான் கையை விட்டு, ஏணியின் அடியைக் காலால் ஒரு முழம் தள்ளினேன். நான் செய்தது அவ்வளவுதான். ஆம், வேண்டுமென்றே செய்தேன். கையெழுத்துப் போட வேண்டிய வசனம் இதுவென்றால் இதற்குக் கீழே போடுகிறேன்.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட முறையையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவனை அசைய விடவில்லை. தலையையும் கழுத்தையும் என் இரண்டு கையாலும் நேராகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, போனை முழங்கையால் அழுத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்தவர்கள் என்னைப் பாராட்டினார்கள். தம்பி கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பயப்பட வேண்டாம், கட்டில் கீழேதான் இருக்கிறது என்று சொன்னேன். அதைக் கேட்ட பிறகுதான் அவன் கத்தத் தொடங்கினான்.

அவனுக்கு இரண்டு கணுக்கள்தான் உடைந்திருக்கின்றன என்கிறார்கள். வள்ளிக்கு மூன்று. கால் உணர்வு மெல்லத் திரும்பும் என்று டாக்டர் நம்புகிறாராம். எனக்கு அதில் சந்தேகமே இல்லை, ஐந்து மாதம் என்னிடம் விட்டால் போதும். ஆறு மணிக்கு அவனுக்கு யார் மேல் கழுவிவிடுகிறார்கள் என்று கேட்டேன், நீங்கள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். தண்ணீர் இளஞ்சூடாக இருக்க வேண்டும் என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அவன் என் முகத்தில் விழிக்க விரும்பவில்லை என்று இன்று காலை சொன்னீர்கள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வலியோடு இருக்கிற உயிர் முதலில் பக்கத்தில் இருக்கிறவரைத்தான் கடிக்கும்.

வெள்ளிக்கிழமை வார்டிலேயே பதிவுத் திருமணம் நடக்கப் போகிறதாமே. கமலேஸ்வரி அக்காவே கிட்ட நின்று செய்விக்கிறாராம். முறிந்து கிடப்பது மாப்பிள்ளையானால் தோஷம் இல்லைப்போல. பிறகு ஜதுர்ஷிகா லூயிஷாம் வீட்டுக்கே வந்திருந்து அவனைப் பார்க்கப் போகிறாள், கட்டில்தான் ஏற்கனவே கீழே போட்டிருக்கிறதே என்றும் சொன்னாளாம். வரட்டும், நான் தடையாக நிற்க மாட்டேன். அவள் எப்போதும் அவசரக்காரி, எங்கள் வீட்டுப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டித்தான் இறங்குவாள். அதனால் என்ன, முன்னறையில் இன்னொரு கட்டிலுக்கும் இடம் இருக்கிறது, இரண்டு பேரையும் வைத்துப் பார்க்கிற தெம்பும் எனக்கு இருக்கிறது.