கனவு கிராமத்தில் இரண்டு டேங்க்

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் மத்தியான பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒரே ஊர், ஒரே மகளிர் குழு. மலையில் நடந்த ஏதோ பயிற்சிக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது. இளையவர் திடீரென்று சத்தமாகக் கேட்டார்.

“கனவுல கூடவா எங்களுக்குத் தனி டேங்கு?”

“மெதுவா பேசு செல்வி. பஸ்ல ஆளுங்க கீறாங்க.”

“இருந்தா இன்னா? உங்க கனவு கிராமத்த வரைங்கன்னுதான சொன்னாங்க? ஊருக்கு ஒரு தண்ணி டேங்கு, காலனிக்கு ஒரு டேங்குன்னு நீங்க வரைஞ்சீங்க. செவுத்துல ஒட்டி எல்லாரும் கை தட்டுறாங்க.”

“உங்களுக்கும் வூட்டாண்ட தண்ணி வர்ணும்னுதான் போட்டேன்.”

“ஊர் டேங்குலேர்ந்து ஒரு பைப்பு இழுத்திருக்கலாமே?”

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சண்டை வரும்டி.”

“சண்டைக்கு யாரு வருவாங்கக்கா? படத்துல நீங்க ஆளே வரையலியே.”

“அதுக்குன்னு அத்தினி பேர் எதிர்ல அந்தப் படத்தக் கிழிப்பியா? எனக்கு எவ்ளோ அசிங்கம்!”

“எனக்கு அசிங்கமா இல்லியா?”

“நடக்கிறத பேசு. எல்லாரும் ஒரே டேங்குல தண்ணி புடிக்கிறது இந்த ஜென்மத்துல நடக்குமா?”

செல்வி அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“அதே படத்துல மலை மேல ரயிலு வுட்டீங்களேக்கா. அது நடக்கும்னா வரைஞ்சீங்க?”

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. அந்த அக்கா எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டே போய், முன்னால் காலியாக இருந்த வேறொரு சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.